ரதிக்கு நடை சொல்லிக்கொடுத்த சின்னம்மா

ஹட்டனில் இளைஞர்களுக்கென்று நடந்த ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். கேட்கப் போகவில்லை, ஆனால் கமராவோடு மூலையில் நிற்கிறவனின் காது சும்மா இருக்குமா? கொழும்பிலிருந்து வந்திருந்தவர் நன்றாகத்தான் பேசினார். திறமை யாருக்கும் வரும், கண்ணோட்டம்தான் வராது, அதை மாற்றிக்கொண்டால் வேலை மாறும், வீடு மாறும், உறவு மாறும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசியில், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திறமை இருக்கிறது, பார்வைதான் இன்னும் லயத்து வரிசை வீடுகளை விட்டு வெளியே வரவில்லை என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. நல்லது சொல்லத்தான் அந்த மனிதர் மலையேறி வந்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் எங்கோ சிக்கிக்கொண்டது. கண்ணோட்டம் என்பது காலையில் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்கிற சட்டையா? எனக்குத் தெரிந்த மனிதர்களுக்கு அது கையிலிருந்துதான் வந்திருக்கிறது. ஒரு வேலையை வருஷக்கணக்காகச் செய்த கை, கண்ணுக்கு எதைப் பார், எதை விடு என்று பழக்கிவிடுகிறது. அது மட்டும் என்றாலும் பரவாயில்லை. அந்தக் கைக்கு எதற்காகக் கூலி கொடுக்கிறார்கள் என்பதும் பார்வைக்குள் புகுந்துவிடுகிறது. இதைச் சும்மா சொன்னால் விளங்காது. என் சித்தப்பாவையும் சின்னம்மாவையும் பற்றிச் சொன்னால்தான் விளங்கும்.

ஒரே வீட்டில் இரண்டு கொழுந்து

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். சித்தப்பா ஸ்டோரில் வேலை, அதாவது பெக்டரியில். சின்னம்மா மலையில் கொழுந்து எடுக்கிறார். சித்தப்பாவுக்குப் பெரும்பாலும் இரவு வேலை. முதல் நாள் வந்த கொழுந்து 12 மணித்தியாலத்துக்கு மேல் காற்றில் வாடிக் கிடந்து, விடியுமுன்னே ரோலரில் போட்டு அரைப்பதற்குத் தயாராகும். அவர் வீடு வந்து சேரும்போது சின்னம்மா காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்குப் போய்விட்டிருப்பார். ஆக இரண்டு பேரும் முகம் பார்க்கிற நேரம் சாயங்காலம் ஒன்றுதான். அந்த நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசுவார்கள்? கொழுந்தைப் பற்றித்தான், அதுவும் சண்டையாக.

"என்ன புள்ள, நேத்து அனுப்புனது கொழுந்தா? சாக்கப் பிரிச்சா அனல் அடிக்குது. பாதி செவந்து கெடக்கு."

"ஆமா, நாங்க அது மேல படுத்துக்கிட்டு வந்தோம். கிலோவ நீங்க வந்து போட்டுத் தர்றீங்களா?"

சின்ன வயதிலிருந்து இந்தச் சண்டையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அவர்கள் வேறு எதற்கும் பெரிதாகச் சண்டை போட்டதில்லை. பணம், சொந்தம், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். இது மட்டும் தீரவே தீராது.

சித்தப்பா சொல்வது சரி. பறித்த கொழுந்துக்கு உயிர் போய்விடுவதில்லை, அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். சாக்கில் திணித்து அமுக்கினால் உள்ளே சூடு ஏறும், இலை நசுங்கும், நசுங்கின இடம் சிவக்கும். தேயிலை தேயிலையாவதே அந்தச் சிவப்பில்தான், ஆனால் அது ரோலருக்குப் பிறகு, ஸ்டோருக்குள், தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் சொல்கிற நேரத்துக்கு நடக்க வேண்டும். மலையிலேயே, லொறியிலேயே தொடங்கிவிட்டால் கோப்பையில் சாயம் மங்கிப்போகும். சித்தப்பா வாடின கொழுந்தை ஒரு பிடி பிடித்து அமுக்கிவிட்டுக் கையைத் திறப்பார். உருண்டை உடனே விரிந்துவிட்டால் இன்னும் வாடவில்லை, அப்படியே கிடந்தால் அரைக்கலாம். அரைத்துப் பரப்பின தூளில் பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வருகிற கணத்தை அவருடைய மூக்கு பிடித்துவிடும். மணிக்கூடு வைத்திருக்கிறார்கள், வெப்பமானி வைத்திருக்கிறார்கள், அப்படியும் டீமேக்கர் ஒரு தடவை இவர் முகத்தைப் பார்த்துக்கொள்வார்.

சின்னம்மா சொல்வதும் சரி. மலையில் அவர் கை போகிற வேகத்தைப் பார்த்தால் அவர் எதையும் பார்த்து எடுப்பதாகத் தோன்றாது. இரண்டு கையும் தனித்தனியாக மேய்கின்றன. இரண்டு இலை ஒரு மொட்டு என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடலாம். செடியில் நிற்பதோ எத்தனை விதம். முற்றினது, வளர்ச்சி நின்று மொட்டு கண்ணை மூடிக்கொண்டது, அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டிய அரும்பு எல்லாம் ஒரே கிளையில் நிற்கும். மட்டக்கம்பை வைத்துப் பார்க்காமலே செடியின் மட்டம் அவருக்குத் தெரியும். பஸ்ஸில் கூடப் போனால் சன்னல் பக்கம் உட்கார்ந்து, "இந்த மல சுத்து தாண்டிப்போச்சு", "இது கவ்வாத்து வெட்டி இன்னும் மட்டமே எடுக்கல" என்று யாரோ தோட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வருவார். 1925இல் தொடங்கின தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் பக்கத்தில், சென்ட் கூம்ஸில்தான் இருக்கிறது. அங்கே படித்தவர்கள் அளந்து சொல்கிற சில விஷயங்களைச் சின்னம்மா பஸ் சன்னலில் இருந்தே சொல்லிவிடுவார் என்று நான் பெருமையடித்துக்கொள்வதுண்டு. கொஞ்சம் மிகைதான், இருக்கட்டும்.

அரும்பை விட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்த அதே கை, சாயங்கால நிறுவைக்கு முன்னால் அரும்பையும் சேர்த்துப் பிடுங்குகிறது. ஏன்? ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, இத்தனை கிலோ என்று இருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 16, 18, 20 என்று. அது வராவிட்டால் அரைப் பேர். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது, மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபாய் என்றும் சொன்னார்கள். இந்தக் கணக்கில் எங்கேயாவது செடியில் விட்டுவைத்த அரும்புக்கு ஒரு சதம் இருக்கிறதா? சாக்கில் இளக்கமாகப் போட்டதற்கு? தராசுக்குத் தெரிந்தது பாரம் ஒன்றுதான். அதனால் சின்னம்மாவின் கண், தனக்குத் தெரிந்த நூறு விஷயத்தில் பாரம் உள்ளதை மட்டும் பொறுக்கப் பழகிவிட்டது.

சித்தப்பாவுக்கும் நாட்கூலிதான். ஆனால் அவருக்குத் திட்டு விழுகிற வழி வேறு. கொழும்பில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கோப்பையை உறிஞ்சித் துப்புகிற ஒருவர் 'சாயம் மங்கல்' என்று எழுதினால், அந்தச் சொல் மலையேறி, தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் வந்து, டீமேக்கரிடம் இறங்கி, சித்தப்பாவின் தலையில் முடியும். சின்னம்மாவிடம் அது வந்து சேரும்போது அதில் சாயமும் இருக்காது, கோப்பையும் இருக்காது. மலையின் மறுமுனையில் நின்று கங்காணி போடுகிற "தரமா எடுங்க" என்ற சத்தம் மட்டும் இருக்கும். ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்கிற மாதிரி இந்த ஏற்பாட்டில் எங்கும் ஒரு சன்னல் வைக்கவில்லை. பிறகு ராத்திரி சாப்பாட்டில் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்?

மாசி

தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிஷனில் மாசி மாதம் காமன் கூத்து, சிவன் எரித்த மன்மதனையும் அவன் மனைவி ரதியையும் பற்றிய கூத்து. மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. சித்தப்பாதான் ரதி. நான் விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் அவர் ரதியாகத்தான். ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த ஆள், மீசையை எடுத்துவிட்டு, சேலை கட்டி, நான் அட்டையிலும் ஜிகினாத்தாளிலும் செய்து கொடுக்கிற கிரீடத்தை வைத்துக்கொண்டு வந்து நின்றால் சின்னப்பிள்ளைகள் சிரிக்காது. அவ்வளவு நன்றாக ஆடுவார்.

தலவாக்கலை இருக்கிற திம்புள்ளப் பக்கத்தில் தை, மாசி மாதங்கள் ஒரு வினோதமான காலம். பகலில் காய்ச்சல் வெயில், ராத்திரியில் எலும்பைத் துளைக்கிற குளிர், மழை கிடையாது. செடி மெதுவாகத்தான் துளிர்க்கும். அப்படி மெதுவாக வந்த கொழுந்துக்குத்தான் வாசம் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் பக்கத்துத் தேயிலைக்குப் பெயர் எடுத்துக் கொடுக்கிற பருவம் அதுதான். (ஊவாப் பக்கத்துக்கு அந்தக் காலம் ஜூலைக்குப் பிறகு, கச்சான் காற்றோடு வரும்.) ஸ்டோரில் எல்லார் முகத்திலும் வெளிச்சம், ஏலத்தில் நல்ல விலை. மலையிலோ நாள் முழுக்க நின்றாலும் கிலோ தேறாது. சில இடங்களில் அந்த மாதங்களுக்குக் கிலோவைக் குறைத்துக் கொடுப்பார்கள், எல்லா இடத்திலும் இல்லை. தேயிலை ஆக நன்றாக இருக்கிற மாதத்தில் அதை எடுத்தவருக்கு ஆகக் குறைந்த காசு. சித்தப்பா வீட்டில் சண்டை உச்சத்துக்குப் போவதும் அப்போதுதான். கூத்துப் பழகுவதும் அப்போதுதான்.

அப்படி ஒரு ராத்திரி. பிரட்டுக்களத்தில் ஒத்திகை. தப்புக்காரர்கள் மேளத் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அடவு சொல்ல, சித்தப்பா சாதாரணச் சாரத்தோடு ரதியின் நடையை நடந்து காட்டினார். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றேன். சின்னம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று "நில்லுங்க" என்றார்.

தப்பு நின்றது.

"ரதி எந்த மலையில கூடை தூக்கினா? கழுத்து முன்னால போகுதே உங்களுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. நான் வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். சித்தப்பா தன் ஆயுளில் கூடை சுமந்தவரில்லை, அவர் கழுத்து இயல்பில் நிமிர்ந்துதான் இருக்கும். பெண்ணாக நடக்கத் தொடங்கின உடனே அது முன்னால் சாய்கிறது. அவர் பார்த்த பெண்கள் எல்லாருமே தலையில் கயிற்றை மாட்டி முதுகில் பாரம் இழுத்தவர்கள். அவரைப் பொறுத்தவரை பெண் நடை என்றால் அதுதான். இத்தனை மாசி போயிற்று, ஊரே பார்த்தது, யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, எனக்கும் அம்மாவின் நடை அதுதானே.

மாஸ்டர், "அக்கா, அப்ப நீங்க நடந்து காட்டுங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. சின்னம்மா போர்வையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். நாலு அடி. அவர் கழுத்தும் முன்னால்தான் போனது. நின்றார். பின்னுக்குச் சரிக்கப் பார்த்தார், தோளும் சேர்ந்து போயிற்று, நிமிரவில்லை. மறுபடி நடந்தார், மறுபடி அதேதான். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு வராது," என்றார். "ஆனா எது வரக்கூடாதுன்னு தெரியும். நீங்க நடங்க, நான் சொல்றேன்."

பிறகு வெகுநேரம் அவர் சொல்லச் சொல்லச் சித்தப்பா நடந்தார். கழுத்து, தோள், பாதம் வைக்கிற விதம், சேலைத் தலைப்பை எந்தக் கையால் பிடிப்பது. மன்மதன் எரிந்த பிறகு ரதி அழுகிற இடத்தையும் திருத்தினார்: எடுத்த எடுப்பிலேயே ஒப்பாரி வராது, முதலில் நம்பமாட்டாள், அங்கேயும் இங்கேயும் போய்த் தேடுவாள், அப்புறம்தான் சத்தம் வரும் என்றார். சாவு வீடுகளில் பார்த்தது. ஒரு சொல்லுக்காவது சித்தப்பா எதிர்ச்சொல் சொல்ல வேண்டுமே! "இப்படியா புள்ள?" "இல்ல, இன்னும் கொஞ்சம்." "இப்ப?" "ஆ, சரி." அவ்வளவுதான்.

அடுத்த நாள் சாயங்காலம் சாக்கில் சூடடித்த கொழுந்துக்காக அதே இரண்டு பேரும் அதே வார்த்தைகளில் சண்டை போட்டார்கள். கூத்து அவர்களை மாற்றிவிட்டது என்று கதை முடிக்க முடியவில்லை.

எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ராத்திரி கேட்கத் தெரிந்த மனிதர் பகலில் ஏன் கேட்கவில்லை? மனப்பாங்கு ராத்திரியோடு போய் ராத்திரியோடு வருமா? பிரட்டுக்களத்தில் தராசு இல்லை. அங்கே சின்னம்மாவுக்குத் தெரிந்தது எதையும் யாரும் கழிக்கவில்லை, சித்தப்பாவுக்கு வர வேண்டிய திட்டு எதையும் சின்னம்மாவின் கை தீர்மானிக்கவில்லை. இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றே, ரதி ரதியாக நடக்க வேண்டும். கூலி ஒரே பக்கமாக இழுக்காத இடத்தில் அவருக்குத் தெரிந்த மீதித் தொண்ணூறு விஷயமும் வெளியே வந்தது.

இதைச் சொல்லும்போது கூத்தைப் பெரிய சமத்துவக் களமாக ஆக்கிவிடவும் நான் தயாரில்லை. எங்கள் டிவிஷனில் பெண்கள் வேஷம் கட்டுவதில்லை. சின்னம்மா நடை சொல்லிக்கொடுக்கலாம், நடக்கக் கூடாது. கூத்து முடிந்ததும் மாலை விழுந்தது சித்தப்பாவுக்கும் மாஸ்டருக்கும். இதை ஒரு தடவை பேச்சுவாக்கில் மாஸ்டரிடம் சொன்னேன். "வழக்கம் தம்பி" என்றார், அதற்கு மேல் பேச விரும்பவில்லை.

ஆல்பம்

மற்றவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன், என் கதையும் இதுதான். ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன், தாள் கணக்கில் காசு. படம் திரையில் திறந்ததும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே மவுஸ் நிறத்தைக் கூட்டப் போய்விடும். பெண் வீட்டுக்காரர் என்ன கேட்பார் என்று கைக்குத் தெரியும். பின்னணிக்கு எங்களிடம் சுவிற்சர்லாந்து இருக்கிறது. சன்னலைத் திறந்தால் சிங்கமலை நிற்கிற ஊரில் உட்கார்ந்து ஐரோப்பிய மலையை வெட்டி ஒட்டுகிறேன், கேட்பது அதைத்தான். கெட்டித்தனம் கூடக் கூட எனக்கு ஒரு சந்தோஷம் போய்விட்டது, யாருடைய கல்யாணப் படத்தையும் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை, ஒட்டின விளிம்புதான் கண்ணில் படுகிறது. நண்பன் ஆசையாகப் போனை நீட்டுவான், நான் அவன் மனைவியின் காது ஓரத்தில் தெரிகிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிரீடம் செய்யும்போது அப்படி இல்லை. அதற்குக் காசும் இல்லை, அவசரமும் இல்லை. ஜிகினாத்தாள் தீப்பந்த வெளிச்சத்தில் எந்தக் கோணத்தில் மின்னும் என்று ராத்திரி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து மடிப்பேன்.

சுற்றுலா விடுதி ஒன்றுக்கு நாங்கள் அச்சடித்துக் கொடுத்த பெரிய படம் ஒன்றைச் சின்னம்மாவிடம் காட்டினேன். கொழுந்து எடுக்கிற பெண், சிவப்புச் சேலை, விரல் நுனியில் ஒரு கொழுந்தை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கிறார், நல்ல வெளிச்சம். நாங்கள் எல்லாரும் மெச்சின படம். சின்னம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "வெயிலப் பாத்தா பத்து மணி இருக்கும். கூடை காலி. இந்தப் புள்ளைக்கு இன்னைக்கு அரப் பேர்தான்" என்றார். படத்தின் அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பில் படுங்குச் சாக்குக் கட்டாமல் ஈரச் செடிக்குள் நிற்கிறாள், சேலை கிழியும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

செடி கைக்கு வந்த பிறகு

கொஞ்ச காலமாகத் தோட்டங்களில் ஒரு புது ஏற்பாடு பரவியிருக்கிறது. குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள், பராமரிப்பு அவர்கள் பொறுப்பு, எடுத்த கொழுந்துக்குக் கிலோ விலை. இதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. நாட்சம்பளம் போனால் ஊழியர் சேமலாப நிதி என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது, நிலம் எழுத்தில் சொந்தமும் இல்லை. நானும் இதை ஆகா ஓகோ என்று சொல்லமாட்டேன். சின்னம்மா எடுத்துக்கொண்டார், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மாறினது சாக்கு. இப்போது அமுக்குவதில்லை, இரண்டு சாக்கில் பிரித்து நிழலில் வைக்கிறார். அரும்பை விடுகிறார், அடுத்த சுற்றில் அதை எடுக்கப்போவது அவரேதானே. உரம் விலையைக் கேட்டுத் திட்டுகிறார். சித்தப்பா லீவு நாளில் உதவிக்குப் போய், மிக நிதானமாக, ஸ்டோர்க்காரர் கனவு காண்கிற கொழுந்தாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். மத்தியானத்துக்குள் சாக்கின் அடி கூட மூடவில்லை. "இது சாமிக்குப் படைக்கத்தான் காணும்" என்று சின்னம்மா துரத்திவிட்டார். யாரும் வந்து சின்னம்மாவுக்குப் பார்வையைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை.

பழைய சண்டைக்கு விஷயம் இல்லாமல் போய்விட்டது. புதுசு ஒன்று வந்திருக்கிறது. போன முறை நான் போயிருந்தபோது சின்னம்மா கேட்டுக்கொண்டிருந்தார், இந்த மாதம் நல்ல கொழுந்து கொடுத்தேன், விலை ஏன் ஏறவில்லை என்று. சித்தப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கொழும்பு ஏலத்தில்தான் எல்லாம், 1883இல் இருந்து அப்படித்தான் என்று நான் இடையில் என் பொது அறிவைக் காட்டினேன். சின்னம்மா என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"அங்க வாயில ஊத்தித் துப்புறாரே, அவருக்கு இது என் கொழுந்துன்னு தெரியுமா?"

"எப்படித் தெரியும்? எல்லாத்தையும் கலந்துதான அரைக்கிறோம்," என்றார் சித்தப்பா. "சூடாயிருந்தா மட்டும் தெரிஞ்சுரும்."

"அப்ப மத்தவங்க சாக்கையும் போய்ப் பாருங்க. என்கிட்ட மட்டும் இத்தன வருசமா கத்துனீங்கல்ல."